வெங்காயப் பங்கு

கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் இருந்த அங்கத்துவ மேசைக்கு முன்னால் ஏழு பேர் நின்றார்கள். அரியரத்தினம் எட்டாவது ஆளாகப் போய் நின்றார். ஏழு பேர் என்றால் இருபது நிமிடமாவது ஆகும், அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம், வராவிட்டால் பின்னால் நிற்கிறவரை முன்னுக்கு விட்டுவிட்டு இன்னொரு பத்து நிமிடம் யோசிக்கலாம், சனிக்கிழமை காலையில் தன்னை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தார். போன சனிக்கிழமை காசாளரின் இயந்திரத்தில் அவருடைய அட்டைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தக் கிழமையோடு அங்கத்துவம் முடிந்துவிட்டது, இந்த ஒரு தரம் விடுகிறேன், அடுத்த கிழமை புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்று அந்தப் பையன் சொல்லியிருந்தான். புதுப்பிப்பதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தாயிற்று. அப்படி யோசித்தும் முடியாததால்தான் இங்கே நிற்கிறார், ஆனால் கை அதற்குள் வாசலில் ஒரு தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டுவிட்டது, முடிவெடுக்காதவனுக்கு எதற்கு வண்டி. சப்பாத்திலிருந்து உருகிய பனி ரப்பர் விரிப்பில் கறுப்பாக ஓடியது. வண்டியின் முன்சில்லு ஒன்று சற்றுக் கோணல், எந்த வண்டியை எடுத்தாலும் அவருக்குக் கோணல் சில்லுதான் வாய்க்கும், மனைவி பவளம் சிரிப்பாள், உங்களைக் கண்டால் சில்லுக்கும் நாணம் வந்து திரும்புது என்பாள். மகள் சுகந்தினி புதன்கிழமை ஒட்டாவாவிலிருந்து தொலைபேசி எடுத்தபோது சிரிக்கவில்லை. “அப்பா, நீங்கள் ஒரு ஆள். ஒரு ஆளுக்குப் பன்ரண்டு ரூத்பிறஷ் என்னத்துக்கு?” “பல்லுத் தீட்டத்தான்.” “உங்களுக்கு எத்தினை பல்லு மிச்சம் இருக்கு?” பதினெட்டு என்று அவர் எண்ணிப் பார்த்துச் சொன்னார், அதற்குப் பிறகுதான் அவள் சிரித்தாள், சிரித்துவிட்டு, பக்கத்துத் தமிழ்க் கடையில் வேண்டியதை வேண்டிய அளவுக்கு வாங்குங்கோ, உந்த அட்டையை விடுங்கோ என்றாள். அவள் சொல்வது நியாயம். நியாயமாகப் பேசுகிற பிள்ளை, தாயைப் போல இல்லை.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. மேசைக்கு அப்பால் கடை விரிந்து கிடந்தது, விமானம் நிறுத்துகிற கொட்டகை போல அவ்வளவு உயரம், அவ்வளவு வெளிச்சம். கடுகுச் சாறு வாளிக் கணக்கில், முட்டை அறுபது அறுபதாக, சவர்க்காரத் தூள் ஒரு குழந்தை உட்காரக்கூடிய பெட்டியில். இந்தக் கடையில் ஒரு ஆளுக்கென்று எதுவும் இல்லை, அதை அவர் பவளம் இல்லாமல் போன இந்தப் பதினாலு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் முதல் வந்தபோது பவளத்துக்குப் பயம், இதெல்லாம் கடைக்காரர் வாங்குகிற இடம், எங்களைத் துரத்தப்போகிறார்கள் என்று அவருடைய கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இதே மேசையில்தான் படம் எடுத்தார்கள். அட்டையின் பின்பக்கம் ஒட்டுகிற சிறிய கறுப்பு வெள்ளைப் படம், அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, ஒரு வீட்டுக்கு இரண்டு அட்டை. அவள் படத்தில் கண்ணை மூடிவிட்டாள். திரும்ப எடுக்கட்டுமா என்று மேசைக்காரி கேட்டதை அவர் மொழிபெயர்த்தார். “விடுங்கோ, இதென்ன கலியாணப் படமே” என்றாள். அதனால் பத்தொன்பது வருடம் அவள் கண்ணை மூடிக்கொண்டே இந்தக் கடைக்குள் நுழைந்தாள், வாசலில் நிற்கிற ஆள் அட்டையைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், தலையாட்டுவார். அந்த அட்டை இப்போது அவருடைய பணப்பையில் அவருடைய அட்டைக்குப் பின்னால் முதுகோடு முதுகாக இருக்கிறது. கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார், இருக்கிறது. பயத்தோடு வந்தவள் இரண்டாம் கிழமையே கடையின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள், பெரிதாக வாங்கு, பிரித்துவிடு, அவ்வளவுதான். ஆறாம் மாடியில் அப்போது அவர்களைத் தவிர நாலு தமிழ் வீடு. சனிக்கிழமை பதினொரு மணிக்கு உடுப்புத் தோய்க்கிற அறையில் உடுப்பு மடிக்கிற நீட்டு மேசையில் பழைய பேப்பரை விரிப்பாள், சிவப்பு வலைப்பையில் வந்த வெங்காயத்தைக் கொட்டுவாள், ஐந்தாகப் பிரிப்பாள். தராசு கிடையாது. “என்ர கை பிழைக்காது” என்பாள், பிழைக்கத்தான் செய்யும், குழந்தைகள் கூடிய வீட்டுப் பக்கம் எப்போதும் ஒரு பிடி கூடப் போகும், எல்லோருக்கும் அது தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. இயந்திரத்துக்குள் யாருடையவோ உடுப்புகள் சுழன்றுகொண்டிருக்கும், வெங்காயத்தின் மணமும் சவர்க்காரத்தின் மணமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். அவருக்கு வேலை, பங்குகளைக் கதவுக்குக் கதவு கொண்டுபோய்க் கொடுப்பது. கதவு திறக்கும், உள்ளே வாங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, வேண்டாம் பிள்ளை அடுத்த கதவுக்குப் போகவேணும், பிறகு எப்படியோ உள்ளேதான் போயிருப்பார். நாலு கதவுக்கு வெங்காயம் கொடுக்க இரண்டு மணித்தியாலம் எடுக்கிற வேறு மனிசன் உலகத்தில் இல்லை என்று பவளம் வைவாள்.

அவள் போன பிறகும் சனிக்கிழமை வந்தது. அது வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. நாலில் இரண்டு வீடுகள் பிராம்டன் பக்கம் சொந்த வீடு வாங்கிப் போய்விட்டன, மிச்சம் இருந்தது அவரும், அறுநூற்று நாலில் குமாரியின் குடும்பமும், லிஃப்டுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிற டாக்சிக்காரன் ஜெயசீலனும். அவர் பெரிதாக வாங்கினார், பேப்பர் விரித்தார், மூன்றாகப் பிரித்தார், குமாரிக்கு இரண்டு பிள்ளைகள் என்பதால் அந்தப் பக்கம் ஒரு பிடி கூடப் போட்டார். அவர்களுக்காகத்தான் இந்த அட்டையை வைத்திருக்கிறேன் என்று மகளுக்கும் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார், நான் விட்டால் குமாரி பாவம், தமிழ்க் கடையில் இறாத்தலுக்கு என்ன விலை விற்கிறான். அப்படியே இருந்திருக்கலாம். போன சனிக்கிழமை குமாரி வீட்டுத் திரைச்சீலை மட்டும் அசையாமல் இருந்திருந்தால். குமாரி பங்கை வாங்கி, “நல்ல நேரம் அண்ணை, வீட்டில ஒரு வெங்காயம் இல்லை, எப்பிடிச் சமைக்கிறது எண்டு நிண்டனான்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவளுடைய சின்ன மகள் பல்கனிக் கதவைத் திறந்தாள், குளிர்காற்று வந்தது, சீலை விலகியது. பல்கனி மூலையில் ஒரு பழைய போர்வைக்குக் கீழே சிவப்பு வலைப்பை. மஞ்சள் துண்டு போட்ட வலைப்பை, இந்தக் கடையைத் தவிர வேறு எங்கும் வராத பை, இருபத்தைந்து இறாத்தல், வாய் இன்னும் பிரிக்கவில்லை. குமாரி திரும்பிப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கதவைச் சாத்தடி குளிருது என்று மகளை அதட்டினாள். அவர் வேறெங்கோ பார்த்தார். சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார், மாசி இருபத்தெட்டு. ஒரு கிழமையாக அந்த வலைப்பை கண்ணுக்குள் கிடக்கிறது, பல் தீட்டும்போது வருகிறது, சோறு வடிக்கும்போது வருகிறது.

அவளிடம் அட்டை இருக்கிறது. எவ்வளவு காலமாக? ஒரு கிழமையாக இருக்கலாம், அவளுடைய தங்கை யாராவது வாங்கிக் கொடுத்திருக்கலாம், அப்படியானால் ஏன் போர்வை. ஜெயசீலனின் வீட்டிலும் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் இந்தக் கடையின் காகிதச் சுருள்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது, தை மாதம் கண்டது, அப்போது உறைக்கவில்லை, “உதை வைச்சு நீ பேரப்பிள்ளை காணுமட்டும் துடைக்கலாமே” என்று பகிடி விட்டுவிட்டு வந்திருக்கிறார். “முதல் ஒரு பொம்பிளையைப் பாத்துத் தாங்கோ அண்ணை, பேரப்பிள்ளையும் துடைக்கிறதும் பிறகு” என்று அவனும் சொன்னான். சொல்லிவிட்டு வெங்காயப் பங்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். டாக்சிக்குள் சாப்பிட்டு டாக்சிக்குள் உறங்குகிறவன், கிழமைக்கு ஏழெட்டு இறாத்தல் வெங்காயத்தை என்ன செய்கிறான்? பாவம் பார்க்கிறார்கள். பாவம், மனிசி செத்த மனிசன், வெங்காயம் கொண்டு திரிகிறார், வாங்கி வையுங்கோ. பதினாலு மாதம். காது மடல்கள் சுட்டன, அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தான் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாக நின்ற நேரம் எல்லாம், குமாரி சமையலறைக்குள் இருந்து போர்வையைத் தேடியிருக்கிறாள். புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி. அட்டை முடிந்துவிட்டது பிள்ளை, மகள் வேண்டாம் என்கிறாள் என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு சனிக்கிழமை? பதினொரு மணிக்கு அவர் என்ன செய்வார், வெறும் கையோடு அறுநூற்று நாலைத் தட்டி என்ன சொல்வார், சும்மா வந்தனான் என்றா? சும்மா வருகிற மனிசனாக அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. தட்டாமல் இருந்தால் ஒரு சனிக்கிழமை இரண்டாகும், இரண்டு ஒரு மாதமாகும், கதவுகள் மூடியபடியே இருக்கும், யாரும் யாரையும் வெறுக்கமாட்டார்கள், அப்படியே ஆகிவிடும். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காய்ச்சல். கட்டிலில் இருந்து எழும்ப முடியவில்லை, தண்ணீர்ப் போத்தல் எட்டாத தூரத்தில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பதினொன்றரைக்குப் பூட்டாத கதவு திறந்தது. “அண்ணை, வெங்காயம் வரேல்லையே எண்டு பாத்தனான்” என்று குமாரி. என்னடா இது, அரை மணித்தியாலம் பிந்தினால் பொறுக்க மாட்டார்களா என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கூட வந்தது. அவள் கஞ்சி வைத்தாள், ஜெயசீலன் டாக்சியில் டாக்டரிடம் ஏற்றிப் போனான், போகிற வழியெல்லாம் வெங்காயம் இல்லாமல் தான் படுகிற பாட்டைச் சொல்லிக்கொண்டே போனான். வெங்காயம் இல்லாமல் படுகிற பாடு. அவனுடைய அடுப்பில் சிலந்தி வலை கட்டியிருக்கும்.

“நீங்கள் வரிசையில்தானே நிற்கிறீர்கள்?” என்று பின்னால் நின்ற சீனப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். முன்னால் இரண்டு அடி வெற்றிடம். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினார், சில்லு கோணிக்கொண்டு அவளுடைய வண்டியில் போய் முட்டியது, அதற்கும் மன்னிப்புக் கேட்டார். இன்னும் மூன்று பேர். உள்ளே எங்கோ பாண் வேகிற மணம் வந்தது, இந்தக் கடையிலே பாணும் சுடுகிறார்கள், இரண்டு இரண்டாகத்தான் விற்கிறார்கள். இரண்டு பாண். நாகமணி அண்ணையும் இரண்டு பாண்தான் கொண்டு வருவார். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த மனிதரின் பெயர் நெஞ்சுக்குள் வந்து நிற்கிறது. எண்பத்தொன்பதில், இதே கட்டடத்தில், இரண்டாம் மாடியில் தனியாக இருந்தவர். பாண் தொழிற்சாலையில் இரவு வேலை, மனைவியும் பிள்ளைகளும் சாவகச்சேரியில், இந்தா கூப்பிடுகிறேன் இந்தா கூப்பிடுகிறேன் என்று ஏழு வருடம். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வரும்போது இரண்டு பாணோடு ஆறாம் மாடிக்கு ஏறி வருவார், வேலை இடத்தில சும்மா தாறாங்கள் தங்கச்சி, வீணாய்ப் போகுது என்பார். ஒரு தேத்தண்ணி, பத்து நிமிடம், பிள்ளைக்கு ஒரு பகிடி, போய்விடுவார். அரியரத்தினத்தின் வீட்டில் பாண் தின்ன ஆள் இல்லை. காலையில் புட்டு, இரவிலும் புட்டு. பாண் பெருகிப் பெருகிப் பெட்டிக்கு மேல் பெட்டியாக நின்றது. பவளம் அதை வெயிலில் காயப்போட்டு இடித்துத் தூளாக்கினாள், அந்த வருடங்களில் ஸ்காபரோவில் எந்தத் தமிழ்ப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனாலும் கட்லட்டில் ஒட்டியிருந்தது நாகமணி அண்ணையின் பாண்தான். பிறகு அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். மூடின செய்தி பேப்பரில் வந்தது, அரியரத்தினம் வாசித்தார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நாகமணி அண்ணை இரண்டு பாணோடு வந்தார். வேலை இடத்தில சும்மா தாறாங்கள் தங்கச்சி. பையின் மடிப்பில் கடையின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது, கிழிக்க மறந்துவிட்டார். காசு கொடுத்து வாங்கிக்கொண்டு ஏன் அண்ணை என்று கேட்க இவர் வாயைத் திறந்தார், பவளம் கோப்பையை நீட்டுகிற சாட்டில் முழங்கையில் நுள்ளினாள், நன்றாக நுள்ளினாள், மூன்று நாளைக்கு நீலம் இருந்தது. பாணை வாங்கிக்கொண்டு உள்ளே போய், சீட்டைக் கிழித்து உருட்டிக் குப்பையில் போட்டாள். அவர் போன பிறகு இவர் சண்டை பிடித்தார், உமக்கு விசரே, அந்தாள் வேலையும் இல்லாமல் கைக்காசைச் செலவழிக்குது. அவள் பாணைத் துண்டுபோட்டுக்கொண்டே சொன்னாள், “பின்ன அந்தாள் என்னத்தைச் சொல்லிக்கொண்டு எங்கட கதவைத் தட்டுறது?”

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நாகமணி அண்ணையின் குடும்பம் வந்து சேரும் வரைக்கும் இரண்டு வருடம் பாண் வந்தது, இவர்கள் தேத்தண்ணி கொடுத்தார்கள், கட்லட் செய்தார்கள். அந்த நாளில் அவர்கள் அந்த மனிதரைப் பாவம் பார்த்தார்களா என்று அரியரத்தினம் இப்போது, இந்த வரிசையில், தன்னைத்தானே கேட்டார். தேடிப் பார்த்தார். பாவம் என்ற ஒன்றை எங்கும் காணவில்லை. ஏழு மணி ஆகி அவர் வராவிட்டால் பவளம் லிஃப்ட் பக்கம் எட்டி எட்டிப் பார்ப்பாள், அதுதான் நினைவுக்கு வந்தது, பிள்ளை கூட மாமா எங்கே என்று கேட்கும். வரவேண்டும் என்று விரும்பினார்கள், பாண் அதற்கு ஒரு கைபிடி மாதிரி இருந்தது. நெஞ்சில் ஒரு கிழமையாக இருந்த கனம் எங்கேயோ மெல்ல இளகியது. ஆசுபத்திரியில் கடைசிக் கிழமை, குமாரி வந்திருந்த ஒரு பின்னேரம், நீங்கள் போய்க் கோப்பி குடிச்சிட்டு வாங்கோ, நான் குமாரியோட ஒரு கதை கதைக்கவேணும் என்று பவளம் அவரை வெளியே அனுப்பினாள். திரும்பி வந்தபோது இருவரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். என்ன கதை என்று அவர் கேட்கவில்லை, பெண்களின் கதை என்று விட்டுவிட்டார். இப்போதும் கேட்கப்போவதில்லை. கேட்டால் குமாரி சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் பிறகு சனிக்கிழமை எப்படி முகம் பார்ப்பது.

இன்னும் ஒருவர். சட்டைப் பைக்குள் கைபேசி அடித்தது. “அண்ணை, கடையிலையோ நிக்கிறியள்?” குமாரி. பின்னால் பிள்ளைகள் அடிபடுகிற சத்தம். ஓம் பிள்ளை என்றார். “இந்த முறை வெங்காயம் கொஞ்சம் கூடப் போடுங்கோ அண்ணை. துப்புரவா முடிஞ்சுது.” இருபத்தைந்து இறாத்தல், வாய் பிரிக்காத பை, ஒரு கிழமையில் துப்புரவாக. கொஞ்சமும் தடுமாறாமல் எப்படிச் சொல்கிறாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, இரண்டையும் அடக்க ஒரு தரம் இருமினார். “என்ன அண்ணை, தடிமனே? மல்லித்தண்ணி போட்டு வைக்கிறன். நேரே இஞ்ச வாங்கோ.” “வாறன் பிள்ளை.” “ஜெயசீலனும் வந்து நிக்கிறான். தனக்குப் பங்கு குறையுது எண்டு முறைப்பாடு.” “அவனுக்கு வாய்தான் கூட.” “அதைத்தான் நானும் சொன்னனான்” என்று அவள் வைத்துவிட்டாள்.

மேசைக்காரி இளம்பெண், நகத்துக்கு ஊதா பூசியிருந்தாள். அவருடைய அட்டையை வாங்கித் தட்டினாள், புதுப்பிக்கலாமா என்றாள். “ஓம்” என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அவளுக்கு விளங்குகிற மாதிரி ஒரு தரம் சொன்னார். ஒரு ஆளுக்கு இது பெறுமதியா என்று ஒரு கிழமை கேட்ட கேள்விக்கு மறுமொழி அவ்வளவு சின்னதாக வெளியே வந்தது. இரண்டாவது அட்டை ஒன்று இருக்கிறதே, அதையும் தொடரட்டுமா என்று கேட்டாள். அவர் பணப்பையைத் திறந்தார், எடுத்து மேசையில் வைத்தார், கண்ணை மூடியிருக்கிற பவளம். அவ இப்ப இல்லை என்றார். அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாசலில் நிற்கிறவர்கள் பார்ப்பது போலவே. கணினியில் பெயரை எடுத்துவிடுகிறேன், அட்டையை நீங்களே வைத்திருங்கள் என்று இரண்டு விரலால் அதைத் திருப்பித் தள்ளினாள். நன்றி என்றார். அதை அவளுக்கு மட்டும் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை.

உள்ளே போனார். காய்கறிப் பகுதி கடைசி மூலையில், குளிரூட்டிய அறைக்கு வெளியே. வெங்காயம் அங்கே மலையாகக் குவிந்து கிடந்தது, சிவப்பு வலைப்பைகள், மஞ்சள் துண்டுகள், ஆள் உயரத்துக்கு மேலே. பழக்கத்தில் கை நீண்டது. குமாரியின் பல்கனியில் இன்னொரு பை வைக்க இடம் இல்லை, பங்குனி வெயில் ஏறினால் கீழே கிடப்பது முளைவிடும், அழுகும், அவள் யாருக்கும் தெரியாமல் கீழே குப்பைக்குக் கொண்டு இறங்கவேண்டும். அவர் கையை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் உருளைக்கிழங்கு இருந்தது, அவள் வீட்டில் கிழங்கு ஒன்றையும் காணவில்லை. ஒரு பையைத் தூக்கி வண்டியில் வைத்தார், சில்லு இன்னும் கொஞ்சம் கோணியது. அறுநூற்று நாலின் கதவு திறக்கும்போது சொல்லவேண்டியதை இப்போதே சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அவளைப் போல அவருக்குப் பொய் சரளமாக வராது. அவளுக்கு விளங்கத்தான் செய்யும். விளங்கினாலும் நாட்காட்டியைப் பார்ப்பாள். வெங்காய மலையைத் தாண்டும்போது அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, பாண் வேகிற மணத்துக்குள்ளே வண்டியைத் தள்ளியபடி, மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தார், “வெங்காயம் இல்லையாம் பிள்ளை, கிழங்குதான் கிடந்தது.” நன்றாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார். இரண்டாம் தரம் கொஞ்சம் நம்பும்படியாக இருந்தது.